கட்டிலுக்குக் கொடுத்த மருந்து

என்னுடைய இடது கண் கண்ணாடி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது எல்லாருக்கும் சௌகரியம். ஊரில் என்னிடம் பேச வருகிறவர்களின் வாய் அதுபாட்டுக்கு விலை பேசும். பார்வை மட்டும் என் இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஊசலாடும். எது அசல், எது போலி என்று தோலைத் தடவிப் பார்ப்பது போல என் முகத்தைப் பார்ப்பார்கள். வியாபாரிகளின் ஊர், வேறெப்படி இருக்கும்?

அதில் எனக்குக் கோபமில்லை. என் கோபம் வேறு ஒன்றின் மேல். ஜும்மா முடிந்து பள்ளிவாசல் முகப்பில் கேட்கிறவர்களுக்கெல்லாம் அதை நின்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதோடு, ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கதையில் என் தைரியம் கொஞ்சம் கூடிக்கொண்டே போகிறது. அது முற்றிப்போவதற்குள் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நயா பைசா புதிதாக வந்து, கடைக்காரரும் வாங்குகிறவரும் ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். திண்டுக்கல்லில் எனக்குத் தோல் மண்டி. பதனிட்ட ஆட்டுத் தோலைப் பேல் பேலாகக் கட்டி மதராஸுக்கு அனுப்புவோம். அதில் ஒரு பேல், சரக்கு சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டது. பேலைச் சுற்றி இரும்புப் பட்டையை இறுக்கிக் கட்டியிருக்கும். வெட்டும்போது எதிரே நிற்கக் கூடாது, பட்டை பாம்பு மாதிரி துள்ளும் என்பது மண்டியில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஆனால் அன்றைக்கு நான், தோலை மோந்து பார்த்து மூக்கைச் சுளிக்கிற மதராஸ் வியாபாரி மாதிரி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பேலின் மேல் குனிந்து, கண்ணை அகல விரித்து, ஒரு நீளமான மோப்பம். ஆட்கள் சிரித்தார்கள். வெட்டுகிறவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வெட்டினான்.

என் வாயில் முதலில் வந்தது கலிமா என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். மண்டி ஆட்களைக் கேட்டால், "ஐயோ, சட்டை புதுசுடா!" என்றுதான் கத்தினேன் என்பார்கள். கன்னத்தில் வழிந்தது கண்ணீர் என்று நினைத்துத் துடைத்தேன். கண்ணீர் அவ்வளவு கெட்டியாக இருக்காது.

வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அடுத்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தாள். கண்ணில் எது பட்டாலும் தாய்ப்பால்தான் மருந்து என்று எங்கள் தெருவில் ஒரு சட்டம். யாரோ ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் வாங்கி வந்து ஊற்றினார்கள். நாற்பத்தைந்து வயதில் தாய்ப்பால் குடித்த ஒரே கண் திண்டுக்கல்லில் என்னுடையதாகத்தான் இருக்கும். என் மனைவி ஜைத்தூன்தான் ஜட்கா கூப்பிட்டாள். "பாலு ஊத்துனது போதும், கெளம்புங்க" என்றாள். பால் ஊற்றுவது என்றால் எங்கள் பக்கத்தில் வேறு அர்த்தமும் உண்டு என்பதால் நான் வழியெல்லாம் நடுங்கிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லமாட்டேன். செம்பட்டி போகிற ரோட்டில், புளியமரங்களுக்கு நடுவில் ஒரு தர்மக் கண்ணாஸ்பத்திரி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் பெஞ்சுகள். நெல் சுணை விழுந்த கண், மாட்டு வால் அடித்த கண், புரை முற்றிய கண் என்று ஒரு சந்தையே உட்கார்ந்திருந்தது. யாருக்கும் யாரையும் சரியாகத் தெரியாது. ஆகையால் குரலை வைத்துத்தான் விசாரணை.

"உங்களுக்கு என்னாங்க பாய்?"

"இரும்புப் பட்டை."

"அடடா. எங்க சித்தப்பாவுக்கும் இரும்புதான். நல்ல மனுசன்."

"இப்ப எப்படி இருக்காரு?"

அவர் பீடிக்கு நெருப்பு இருக்கிறதா என்று பக்கத்தில் கேட்டார்.

உள்ளே, சீமையில் படித்துவிட்டு வந்த டாக்டர் ஒருவர். இளவயதுதான், ஆனால் குரல் மட்டும் ரிட்டையர் ஆகிற வயதில் இருந்தது. என் நல்ல கண்ணைக் கையால் பொத்திவிட்டு, அடிபட்ட கண்ணில் டார்ச் அடித்தார்.

"வெளிச்சம் தெரியுதா?"

"தெரியுதுங்க."

"எந்தப் பக்கம்?"

"மேலே. இப்ப கீழே. இப்ப வலது பக்கம். இப்ப நல்லாவே தெரியுதுங்க."

"டார்ச்சை அணைச்சிட்டேன், பாய்."

பரீட்சையில் பையன்கள் ஏன் காப்பி அடிக்கிறார்கள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. நல்லவேளை, இரண்டாம் தடவை பயத்தை அடக்கிக்கொண்டு உண்மையைச் சொன்னேன். வெளிச்சம் கொஞ்சம் தெரியத்தான் செய்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு தோல். அது கிழிந்துவிட்டது. அதற்குப் பின்னால், கண் பாப்பாவைச் சுற்றிக் கறுப்பாக ஒரு திரை இருக்கிறது. அது கிழிசல் வழியாக வெளியே எட்டிப் பார்க்கிறது. எட்டிப் பார்ப்பதை வெட்டிவிட்டு, கிழிசலைத் தைக்க வேண்டும். தைத்த பிறகு கண்ணுக்குள் ரணம் ஆறவேண்டும். ஆறாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. சில பேருக்கு, அடிபட்ட கண் புழுங்குவதைப் பார்த்து, அடிபடாத கண்ணும் சேர்ந்து கெட்டுப்போகும். அடுத்த வீட்டில் செத்துக் கிடக்கிற மையத்துக்கு அழுது அழுதே உயிரை விடுகிறவளைப் போல. அப்படி ஆகும் என்று தோன்றினால், அடிபட்ட கண்ணை எடுத்துவிட வேண்டும்.

"எடுத்துர்றதுன்னா?"

"எடுத்துடறதுதான்."

ஆக, ஒரு கண்ணைக் காப்பாற்றப் போய் இரண்டும் போகலாம். இரண்டுக்கும் பயந்து ஒன்றை அநியாயமாகத் தூக்கிக் கொடுக்கவும் நேரலாம். அதற்குப் பிறகு நான் படுத்திருந்த நாட்களெல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் கிடந்தேன்: இடது கண் இருக்குமா, அது இருக்கிறவரை வலது கண் பிழைக்குமா?

ஆபரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டு மரக்கச் செய்துவிட்டார்கள். வலி இல்லை. ஆனால் காது மரக்கவில்லையே! கத்தரிக்கோல் நறுக்கென்று ஒலிப்பது கேட்டது. தோல் வியாபாரிக்கு அந்தச் சத்தம் தெரியும். என்ன அளவில் வெட்டுகிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிறகு வார்டு. இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஒன்று அசைந்தால் மற்றதும் அசையுமாம். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. சிஸ்டர் வந்து சட்டம் வாசித்தார்: அசையக் கூடாது, இருமக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கக் கூடாது.

"சிரிக்கல. மத்தவங்களச் சிரிக்கவெக்கலாமா?"

"கூடாது. அவங்களுக்குத் தையல் விட்டுடும்."

என் ஆயுளில் என்னிடம் யாரும் இவ்வளவு பெரிய அபராதம் கேட்டதில்லை.

வார்டில் இரண்டு வரிசைக் கட்டில். ஒரு வரிசைக்கு வடக்குச் சுவர் தலைமாடு, இன்னொன்றுக்குத் தெற்குச் சுவர். எனக்குத் தெற்கு. அடுத்த நாள் என் எதிர்க் கட்டிலில் ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். அவருக்கும் இடது கண்தான். அவருக்கும் இரண்டு கண்ணும் கட்டு. கொஞ்ச நேரம் முனகிவிட்டுப் பேசினார்.

"ஏனுங்க, எதிர்ல யாருங்க?"

"தோல் மண்டி காதர். அசையக் கூடாதவன்."

"நான் ஒட்டன்சத்திரத்துப் பக்கமுங்க. பேரு சென்னியப்பன், கவுண்டனுங்க. வேலி கட்டறப்ப கருவேல முள்ளு அடிச்சிருச்சுங்க. ஏனுங்க பாயி, இங்க வடக்கு எந்தப் பக்கமுங்க?"

எனக்கு அப்போது எங்கே தெரியும்? ஜைத்தூனைக் கேட்டேன். அவள் ஜன்னலில் வெயிலைப் பார்த்துவிட்டு, "உங்க தலமாட்டுப் பக்கந்தாண்ணே வடக்கு" என்று அவருக்குச் சொன்னாள்.

"அப்படீங்களா" என்றார் கவுண்டர். முள் அடித்தபோதுகூட அவர் குரல் அப்படி ஒடிந்திருக்காது. "வடக்க தலை வெச்சுப் படுக்கறது பொணத்துக்குத்தானுங்க. காட்டுல மழைக்கு ஒதுங்கிப் படுத்தாக்கூட நான் வடக்க தலை வெச்சதில்லீங்க. இன்னைக்கு ராத்திரி நான் எப்படிங்க தூங்கறது?"

"எங்களுக்கு அதான் கவுண்டரே தோது. வடக்க தல வெச்சு வலது பக்கமா ஒருக்களிச்சா மூஞ்சி மேக்கே மக்கா இருக்குற கிப்லாவப் பாக்கும். கபுர்க் குழிலயும் எங்கள அப்படித்தான் வெப்பாங்க."

"அப்ப உங்களுக்கும் அது பொணத்துக்குத்தானுங்களே?"

"ஆமா. ஆனா நாங்க முன்கூட்டியே பழகிக்கிருவோம்."

இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? இவருக்கு வேண்டாத திசை எனக்கு வேண்டும். சிஸ்டர் சாப்பிடப் போன நேரத்தில் ஜைத்தூன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கவுண்டருடைய வீட்டம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கண் கட்டிய இரண்டு தடியர்களும் நடுக்கூடத்தில் முட்டிக்கொண்டு, "நீங்க போங்க", "இல்லீங்க, நீங்க முன்னால போங்க" என்று மரியாதை செய்துகொண்டு, கட்டில் மாறிப் படுத்தோம். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டைகள் கட்டிலோடேயே நின்றுவிட்டன. அவற்றைப் பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை. ரயிலில் இடம் மாறி உட்கார்ந்தால் டிக்கெட்டா மாறிவிடும்?

யாரும் கண்டுபிடிக்கவில்லை. சிஸ்டர்மார்கள் முறை வைத்து மாறி மாறி வந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் நம்பர்கள்தான். "ஏழு, வாயத் திறங்க", "பதினாறு, திரும்பாதீங்க". பாதி முகம் கட்டுக்குள் இருக்கிற மனிதனில் காதரும் சென்னியப்பனும் ஒன்றுதான். என்னைப் பார்த்த அந்த டாக்டரோ மதராஸில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார்.

அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தோம். வடக்கு வரிசைக்காரர்களுக்கு அடிக்கடி ஒரு சொட்டு மருந்தும், கண்ணோரத்தில் ஒரு ஊசியும். தெற்கு வரிசைக்காரர்களுக்கு வேறு சொட்டும், வெந்நீர் ஒத்தடமும்.

"ஏனுங்க பாயி, உங்க பக்கம் காசுக்காரங்க பக்கமுங்களா? சும்மா சும்மா வந்து மருந்து ஊத்தறாங்க. எனக்கு ஒத்தடந்தானுங்க."

"இல்ல கவுண்டரே. இம்புட்டு மருந்து ஊத்துறாங்கன்னா எனக்குச் சீக்கு முத்திருச்சுன்னு அர்த்தம். நீங்க பொழச்சீங்க."

அவர் மருந்து கிடைக்கவில்லை என்று கவலைப்பட்டார், நான் கிடைக்கிறது என்று கவலைப்பட்டேன். ஜைத்தூன் தினமும் பஸ் பிடித்து வந்தாள். இறைச்சியைப் பல்லுக்கு வேலை இல்லாமல் குழைய வேகவைத்து, நெஞ்செலும்பு ரசத்தோடு கலந்து ஊட்டுவாள். மென்றால் தாடை அசையும், தாடை அசைந்தால் கண் அசையும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். எனக்கு ஊட்டி முடித்ததும் கவுண்டரின் வீட்டம்மா கஞ்சி கரைக்கிற வரைக்கும் அவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். என் பயத்தை அவளிடம் சொல்வேன். "ம்" என்பாள். அந்த "ம்" இல்லாவிட்டால் நான் அங்கே பைத்தியம் பிடித்துத்தான் செத்திருப்பேன்.

டாக்டர் மதராஸிலிருந்து திரும்பினார். ரவுண்டில் என் இடது கண்ணின் கட்டை மட்டும் பிரித்தார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"இது முள்ளு இல்லையே!"

"இரும்புப் பட்டைங்க, டாக்டர்."

"நீங்க சென்னியப்பன் இல்லையா?"

"நாந்தானுங்க சென்னியப்பன்" என்று தெற்கு வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

நடந்ததைச் சொன்னோம். கட்டில் மாறியதற்கு ஆஸ்பத்திரியில் என்ன பெரிய தண்டனை இருக்கப்போகிறது, சிரித்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த டார்ச்சை மேஜை மேல் வீசிய சத்தத்தில் வார்டே அடங்கியது.

"என் ஆராய்ச்சியையே கெடுத்துட்டீங்களே!"

ஆராய்ச்சி என்ற சொல்லை நாங்கள் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டோம்.

அவரே படபடவென்று கொட்டினார். கார்ட்டிசோன் என்று ஒரு புது மருந்து கப்பலில் வருகிறதாம். உள்ரணத்தை அடக்கும் என்று சீமையில் சொல்கிறார்களாம். இங்கே இருக்கிற பழைய சொட்டும் ஒத்தடமும் பல பேருக்குக் கேட்டிருக்கிறது, சில பேருக்குக் கேட்கவில்லை. எது மேல் என்று பார்க்க, வடக்கு வரிசைக்குப் புதிது, தெற்கு வரிசைக்குப் பழையது என்று வைத்திருந்தாராம். வருகிறவர்கள் வருகிற முறையில் கட்டில். கட்டில் எதுவோ மருந்து அது.

எனக்குள் என்னவோ ஏறியது. அசையக் கூடாது என்ற சட்டத்தை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப நீங்க எனக்கு மருந்து குடுக்கல. கட்டிலுக்குக் குடுத்திருக்கீங்க. நான் அது மேல படுத்திருந்ததால என் மேலயும் கொஞ்சம் சிந்தியிருக்கு!"

"கத்தாதீங்க பாய். இந்த மருந்து பாதிப் பேருக்குத்தான் காணும். நான் ஆளைப் பார்த்துக் குடுத்தா யாருக்குப் போகும்? கார்ல வந்து இறங்கறவனுக்குத்தான் போகும். கட்டிலுக்குக் குடுத்தா அந்தப் பேச்சே இல்லை. இது நியாயம்."

இங்கேதான் எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது. ஏனென்றால் அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அநியாயக்காரனிடம் கோபப்படுவது சுலபம். நியாயத்தைச் சட்டைப்பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு திரிகிறவனிடம் எப்படிக் கோபப்படுவது?

"அந்த நியாயத்த எங்ககிட்டச் சொன்னா என்னா? நியாயம் கெட்டுப்போயிருமா?"

"சொன்னா பயப்படுவீங்க."

"இப்ப மட்டும் நான் என்னா வீரனாவா படுத்திருக்கேன்?"

யாரோ சிரித்து, தையல் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

"நோயாளிக்கு நம்பிக்கை வேணும்" என்றார் டாக்டர். "எது நல்ல மருந்துன்னு டாக்டருக்கே தெரியலைன்னா எவன் இங்க வந்து படுப்பான்?"

பக்கத்தில் ஜைத்தூன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ளும் ஓசை கேட்டது. எங்கள் வீட்டில் அது நல்ல சகுனமில்லை.

"டாக்டரய்யா, கறிக் கடைக்குப் போனாக்கூட இது வெள்ளாடு, இது செம்மறின்னு சொல்லித்தான் வெட்டுறான். புடிக்காட்டி நாங்க திரும்பி வந்துருவோம். ஆட்டுக்கறிக்கு இருக்குற மதிப்பு எம் மாப்பிள இவரு கண்ணுக்கு இல்லியா?"

அதற்குள் வார்டு முழுக்க எழுந்துவிட்டது. "எனக்கு எந்த மருந்து?" "சிஸ்டர், நான் புதுசா பழசா?" "பழசு வேணாம்யா, மாத்தி வுடு!" "எனக்குப் புதுசு வேணாம்யா, பழசே குடு!" தெற்கு வரிசையில் ஒரு கிழவர் மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வடக்கே கிளம்பிவிட்டாராம். சிஸ்டர் அவரைப் பிடித்துப் படுக்கவைத்தாராம்.

டாக்டர் எங்களைப் பழைய கட்டிலுக்குப் போகச் சொன்னார். கவுண்டர், "வடக்க தலை வெக்கறதுக்கு எங் கண்ணு போனாப் போகுதுங்க" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். ஆரம்பித்த மருந்தை நடுவில் மாற்றுவதும் ஆபத்து என்பது டாக்டருக்கே தெரியும். கடைசியில், "உங்க ரெண்டு பேரையும் கணக்குல சேர்க்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாருங்கள் கொடுமையை! கேட்காமல் சேர்த்துக்கொண்டதற்கு ஒரு கோபம். கேட்காமல் தள்ளிவிட்டதற்கு இன்னொரு கோபம். என் கண் கணக்குக்குக்கூட ஆகாமல் போய்விட்டதே என்று அன்று சாயங்காலம் முழுக்கப் பொருமினேன்.

சில நாள் கழித்து நல்ல கண்ணின் கட்டை மட்டும் அவிழ்த்துவிட்டார்கள். உலகம் பழையபடி இருந்தது. கவுண்டரை அப்போதுதான் பார்த்தேன். குரலை வைத்து வாட்டசாட்டமான ஆள் என்று நினைத்திருந்தேன். நெத்திலிக் கருவாடு மாதிரி இருந்தார். அவரும் என்னைப் பார்த்து ஏமாந்திருப்பார்.

கண்ணைத் திறந்துவிட்டதும் எனக்குப் புது வேலை வந்தது. இரவும் பகலும் நல்ல கண்ணைக் காவல் காப்பது. சுவரில் பல்லியின் கால் விரல் தெரிகிறதா? தெரிகிறது. செத்த நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பேன். பல்லி போயிருக்கும். அவ்வளவுதான், கண் போச்சு என்று வியர்த்துவிடும். ஒரு நாள் காலையில் நல்ல கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது, எரிந்தது. "போச்சு! அதுவும் போச்சு! டாக்டரக் கூப்பிடுங்க! யா அல்லா, எம் புள்ளைகளக் கடைசியா ஒருதரம் பாக்கணும்!" என்று நான் போட்ட கூச்சலில் சிஸ்டர் மூன்று பேர் ஓடி வந்தார்கள். டாக்டர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார். வந்து, கண்ணைப் பார்த்து, பிறகு என் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே கவுண்டரின் வீட்டம்மா தரையில் உட்கார்ந்து, கஞ்சிக்குக் கடித்துக்கொள்ள ஒரு முறம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வார்டில் எனக்கு வெங்காய பாய் என்று பெயர்.

ஆகவே, நல்ல கண்ணுக்கு நிஜமாகவே ஆபத்து வந்தபோது யாரும் நம்பவில்லை. ஒரு காலையில் ஜன்னல் வெளிச்சம் நல்ல கண்ணில் குத்தியது. எரிச்சல் இல்லை, ஆழத்தில் ஒரு நோவு. ஜன்னல் கம்பிகள் புகைக்குள் நிற்பது போலத் தெரிந்தன. சிஸ்டரிடம் சொன்னேன். "இன்னிக்கு யாரு வெங்காயம் உரிச்சா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஜைத்தூன்கூட, "பேசாமப் படுங்க, மானம் போகுது" என்றாள். நான் பேசாமல்தான் படுத்தேன். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

கவுண்டர்தான் எழுந்து போனார். கையால் சுவரைத் தடவிக்கொண்டே டாக்டர் அறைவரைக்கும் போய், வாசலில் நின்று சொன்னது எனக்குக் கேட்டது.

"ஏனுங்க டாக்டரு, பாயி காலையில இருந்து ஒரு நக்கலும் பண்ணலீங்க. சிஸ்டரு வையறாங்க, பதிலுக்கு ஒண்ணுஞ் சொல்லலீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

டாக்டர் வந்தார். இந்தத் தடவை வெகுநேரம் பார்த்தார். பிறகு, அதுவரை அந்த வார்டில் அவர் செய்யாத ஒன்றைச் செய்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாய், இடது கண்ணுல ரணம் அடங்கலை. புது மருந்து இவ்வளவு போட்டும் அடங்கலை. வலது கண்ணு பாதிக்க ஆரம்பிச்சிருக்கு. இடதை எடுத்துடலாம்னு நினைக்கிறேன்."

"எடுத்தா வலது பொழைக்குமா?"

அவர் பேனாவின் மூடியைத் திறந்து மூடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"தெரியாது, பாய். எடுத்தும் போனது உண்டு. எடுக்காமலே நின்னதும் உண்டு. எடுத்துட்டு, இந்த மருந்தை வலதுலயும் விட்டுப் பார்க்கலாம்கறேன். அதுதான் நல்லதுன்னு எனக்குத் தோணுது. நிச்சயமான்னு கேட்டா, தெரியாது."

நியாயமாகப் பார்த்தால் நான் அந்த இடத்தில் கூரையைப் பிய்த்திருக்க வேண்டும். வெங்காயத்துக்கே ஊரைக் கூட்டியவன். ஆனால் என்ன அதிசயமோ, நெஞ்சு லேசானது. அதுவரை என்னைச் சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்ததால், பயப்படுகிற வேலை மொத்தமும் என் ஒருவன் தலையில் இருந்தது. இப்போது அவரும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்" என்றார்.

எழுந்தவர் திரும்பி வந்து, தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். எடுத்த கண்ணை அவர் அறுத்துப் பார்க்கலாமா? ஏன் அடங்கவில்லை என்று உள்ளே பார்த்தால், அடுத்து வருகிறவனுக்குப் பிரயோஜனப்படலாம். "நீங்க வேணாம்னா வேணாம்."

"கணக்குல சேக்காத கண்ணு, ஆராய்ச்சிக்கு மட்டும் ஆகுமாக்கும்?"

அவருக்கு முகம் செத்துவிட்டது. நான்தான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்: "கேட்டீங்கள்ல. எடுத்துக்கங்க. பாத்து முடிச்சதும் குடுத்துருங்க. அதுக்கு ஒரு புடி மண்ணு பாக்கியிருக்கு."

ஆபரேஷனுக்குக் கூட்டிப்போவதற்கு முன் ஜைத்தூனைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வலது கண்ணும் தங்காமல் போனால்? ஆனால் வெளிச்சம் பட்டால் கண்ணைத் திறக்க முடியவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையை எங்கள் இருவர் தலைக்கும் மேலாகக் கூடாரம் மாதிரி போட்டாள். "இப்பப் பாருங்க" என்றாள். அந்த இருட்டில், மங்கலாக, பார்த்தேன். மூக்குத்திதான் முதலில் தெரிந்தது. வார்டு முழுக்க ஆட்கள் இருக்க, கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்படி ஒரு கூத்து. கவுண்டர் கண் தெரியாதவர் மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எடுத்துவிட்டார்கள். வலது கண்ணில் புகை மெள்ள மெள்ளக் கலைந்தது. பல்லியின் கால் விரல் மறுபடியும் தெரிந்தது. எடுத்ததால் பிழைத்ததா, மருந்தால் பிழைத்ததா, ஜைத்தூன் நேர்ந்துகொண்ட நோன்பால் பிழைத்ததா என்று டாக்டரைக் கேட்டேன். "தெரியாது" என்றார். அந்த வார்த்தை இப்போது அவருக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

கவுண்டருக்கோ பழைய ஒத்தடத்திலேயே கண் தெளிந்துவிட்டது. அவர் மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகு ஒரு மூட்டை அவரைக்காயோடு மண்டிக்கு வந்து நின்றார்.

"பாயி, நாம கட்டல் மாறாம இருந்திருந்தா உங்க கண்ணு நின்னிருக்குமோ என்னமோங்க."

"மாறாம இருந்திருந்தா உங்க கண்ணு போயிருக்குமோ என்னமோ. காயை எறக்குங்க."

முள் குத்தியது வேறு, இரும்பு கிழித்தது வேறு. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்ல முடியாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கவுண்டர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் சீசனுக்குச் சீசன் அவரைக்காய் வருகிறது.

டாக்டர் பார்த்து முடித்த கண்ணை ஒரு சின்னச் சீசாவில் திருப்பிக் கொடுத்தார். கபுர்ஸ்தானில் மதில் ஓரமாக அடக்கினோம். குழி வெட்டியவர் என்னைப் பார்த்து, "பாய், இதுல எதை வடக்க வெக்கிறது?" என்று கேட்டார். அழவேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இல்லாததால் நன்றாகவே சிரித்தேன்.

கண்ணாடிக் கண் பொருத்த மறுபடியும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேலை முடிந்ததும் வார்டை எட்டிப் பார்த்தேன். வடக்கு வரிசையில் கால்மாட்டுப் பக்கம் தலை வைத்து மூன்று பேர் படுத்திருந்தார்கள், சிஸ்டர் திட்டிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த ஒரு சம்சாரியின் பக்கத்தில் டாக்டர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு ரெண்டு மருந்து இருக்கு, ஐயா. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. எது நல்லதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். உங்களுக்குச் சம்மதமா?"

அந்த ஆள் வாயைப் பிளந்தார். பிறகு, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்:

"தெரியாதுன்னா நீரு எதுக்குய்யா டாக்டரா இருக்கீரு?"

டாக்டர் தலையைத் தூக்கினார். வாசலில் என்னைப் பார்த்துவிட்டார். இத்தனைக்கும் நீதானய்யா காரணம் என்கிற மாதிரி ஒரு பார்வை. நான் பதிலுக்குக் கண்ணடித்தேன்.

பழக்கதோஷம், நல்ல கண்ணை மூடிவிட்டேன். ஆகையால் அவர் முகம் அப்போது எப்படிப் போனது என்று கேட்டால், எனக்குத் தெரியாது.